மைதானத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்தவர்

சாம்பல் புதனுக்கு மறுநாள்

அன்புள்ள மகன் ரஸ்ஸுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம். உன் அப்பாவுக்கு உடம்பு சுகம், மனசுதான் சரியில்லை, அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். உன் இரண்டு முழங்கால், இடது தோள், வளைந்துபோன அந்தச் சுண்டுவிரல் எல்லாம் தனித்தனியாகச் சுகமா என்று எழுது. மொத்தமாக ‘நல்லா இருக்கேன்’ என்று நீ சொன்னால் நான் நம்புவதில்லை, பதினாறு வயதில் காறை எலும்பு உடைந்து தொங்கியபோதும் அதையேதான் சொன்னாய். இங்கே பனி இன்னும் விட்டபாடில்லை, பின்வாசல் படி வழுக்குகிறது. நாளைக்குத் தவக்காலத்தின் முதல் வெள்ளி, மாதா கோவில் நிலவறையில் மீன் விருந்து, என் பங்குக்கு இருபது டஜன் பியரோகிக் கொழுக்கட்டை பிடித்துத் தர வேண்டும், மேசை முழுக்க மாவு, ஒரு மூலையைத் துடைத்துவிட்டு அங்கே காகிதத்தை வைத்து எழுதுகிறேன், ஓரத்தில் மாவு ஒட்டியிருந்தால் தட்டிவிட்டுப் படி. ஃபோனில் சொல்லலாமே என்று கேட்பாய். ஃபோன் சமையலறைச் சுவரில் இருக்கிறது, உன் அப்பாவோ உருக்காலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் சமையலறையில்தான் இருக்கிறார். இப்போதுதான் வீட்டைச் சூடாக்கும் உலையடுப்பைப் பார்க்கிறேன் என்று கீழே போயிருக்கிறார்.

போன ஞாயிறு நீ ஃபோனில் சொன்னது எனக்குச் சோறு இறங்கவிடாமல் செய்துவிட்டது. ‘அப்பாவுக்கு நான் மாத்து ஆளா போனது வெக்கமா இருக்கு, இல்லம்மா? விடு, இனிமே டிக்கெட் கிக்கெட் எதுவும் அனுப்பல’ என்றாய். உனக்கு முன்னால் நாலு பேர் முழங்கால் வலி, மனைவிக்குப் பிள்ளைப்பேறு, இடுப்புப் பிடிப்பு என்று ஆளுக்கொரு சாக்குச் சொல்லி விலகிய பிறகுதான் உன்னை அந்த நட்சத்திர ஃபுட்பால் ஆட்டத்துக்கு, புரோ பவுலுக்குக் கூப்பிட்டார்கள், சரி, அதனால் என்ன? பதினோரு வருஷம் முன்வரிசையில் முட்டி நின்றவனை ஐந்தாவதாகக் கூப்பிட்டாலும் நட்சத்திரம் என்றுதான் கூப்பிட்டார்கள். நான் ஊர் முழுக்க முதல் ஆளாகக் கூப்பிட்டதாகவே சொல்லி வைத்திருக்கிறேன், யாராவது கேட்டால் நீயும் மாற்றிச் சொல்லாதே. நீ டிக்கெட் அனுப்பியபோது உன் அப்பா என்ன சொன்னார் என்பது எனக்கு மறக்கவில்லை, பக்கத்தில்தான் நின்றேன். ‘மாலையப் போட்டுக்கிட்டு ஒருத்தன் தோளை ஒருத்தன் தட்டிக்கிற ஆட்டம், அதைப் பாக்க எவன் பத்து மணி நேரம் பிளேன்ல குந்துவான்’ என்றார். அந்த ஆட்டத்தில் யாரும் யாரையும் மெய்யாக இடிப்பதில்லை என்பது உலகத்துக்கே தெரியும், ஆனாலும் அதை மகனிடம் சொல்லும் முறை ஒன்று இருக்கிறது. ஃபோனை வைத்ததும் நான் அவரை ஒரு பிடி பிடித்தேன். இரண்டு நாள் பேச்சில்லை.

இனிமேல் எழுதப்போவதை நான் யாரிடமும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். வாக்கை மீறுகிறேன், தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகத்தான் போகிறேன், அதோடு சேர்த்து இதையும் சொல்லிக்கொள்கிறேன். உன் அப்பா இத்தனை வருஷம் உன் ஆட்டத்துக்கு வராததற்குக் காரணம் ஷிஃப்டும் இல்லை, முதுகு வலியும் இல்லை, மான் வேட்டையும் இல்லை. மூன்றே தடவை அவர் உன்னை நேரில் வந்து பார்த்தார். பள்ளிக்கூடத்தில் ஒரு தடவை, காறை எலும்பு போனது. கல்லூரியில் ஒரு தடவை, கணுக்கால். நீ பெரிய ஆட்டத்துக்குப் போன முதல் வருஷம் ஒரு தடவை, முழங்காலில் கத்தி வைத்தார்கள். அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘பெர்னாடெட், நான் பாத்தா அவன் உடைஞ்சு போறான். இனிமே பாக்க மாட்டேன்’ என்றார். நான் விட்டேனா? உனக்கு இதுவரை ஒன்பது இடத்தில் அடிபட்டிருக்கிறது, அதில் ஆறு அவர் மைதானத்தில் இல்லாதபோது பட்டது, அதற்கென்ன சொல்கிறீர்கள் என்று கேட்டேன். ‘அந்த ஆறு என் கணக்குல வராது’ என்கிறார். வெளியே சொன்னால் இன்னும் பலிக்குமாம், அதனால் உனக்குத் தெரியவே கூடாதாம். தொலைக்காட்சியில் பார்க்கும்போதும் உன் பக்கம் பந்து வந்தால் எழுந்து போய் மாடிப்படியில் நின்றுகொண்டு, முடிஞ்சுதா முடிஞ்சுதா என்று கேட்கிற மனிதர்.

ஆக, ஆட்டம் நடந்த ஹொனலூலுவுக்கு நான் தனியாகக் கிளம்பினேன் என்றுதான் நினைத்தேன். காலையில் பார்த்தால் காரில் இவர் பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறார். ஆட்டத்துக்கு வரவில்லையாம், தீவைப் பார்க்க வருகிறாராம். உனக்குத் தெரிந்தால் நீ கூட்டத்தில் அவரைத் தேடுவாய், கவனம் சிதறும், யாராவது தட்டுவதற்குப் பதில் நிஜமாகவே இடித்துத் தொலைப்பான் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். ஆமாம் ரஸ், உன் அப்பா அங்கே வந்திருந்தார். வெள்ளிக்கிழமை நீ ஹோட்டல் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து ஒரு முழு அன்னாசிப்பழத்தைத் தின்றாயே, அந்த ஒன்றரை மணி நேரமும் அவர் குளியலறையில், தண்ணீர் இல்லாத தொட்டிக்குள் சட்டை கால்சட்டையோடு படுத்திருந்தார். நீ கை கழுவ எழுந்தபோது குழாய் கெட்டுப்போய்விட்டது என்று நான் உளறியது இதற்காகத்தான். ‘ஹோட்டல்காரங்ககிட்ட நான் பேசறேம்மா’ என்று நீ கிளம்பியதும் எனக்கு நெஞ்சு நின்றுவிட்டது. நீ போன பிறகு அவரைத் தொட்டியிலிருந்து தூக்க நான் பட்ட பாடு இருக்கிறதே, உன் அணியில் பாதிப் பேர் வேண்டியிருந்தது. வெளியே வந்து அவர் கேட்ட முதல் கேள்வி, ‘நடக்கும்போது கால் இழுக்குதா?’ என்பதுதான். ‘என்னைப் பத்தி கேட்டானா’ என்றும் கேட்டார், நீ கேட்கவில்லை, நான் கேட்டாய் என்று சொன்னேன். அதையும் சேர்த்து இரண்டு பாவம்.

ஞாயிற்றுக்கிழமை நான் உள்ளே போனேன், அவர் கையில் டிக்கெட்டை வைத்துக்கொண்டு வண்டி நிறுத்துமிடத்திலேயே நாற்காலியை விரித்து, மைதானத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார், மடியில் ரேடியோ. பக்கத்து வண்டிக்காரன் மெல்வின் அந்த ஊர்க்காரன், உன் அளவு உடம்பு, காலை ஏழு மணியிலிருந்து குடும்பத்தோடு கோழி சுட்டுக்கொண்டிருந்தவன். நடந்ததெல்லாம் பிறகு அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ‘என்ன அங்கிள், டிக்கெட்டை வச்சுக்கிட்டு வெயில்ல காயறீங்க, உள்ள போங்க’ என்றிருக்கிறான். பெற்ற மகனிடம் பத்து வருஷம் மறைத்ததை இந்த மனிதர் முன்பின் தெரியாத அவனிடம் பத்து நிமிஷத்தில் கொட்டிவிட்டார், மூன்று எலும்பையும் வரிசையாக. அவன் சிரிக்கவில்லையாம். ‘எங்க மாமியாரும் இப்படித்தான் அங்கிள், அவங்க ஸ்கோர் கேட்டாலே நாங்க தோத்துடுவோம், வாயில மீனை வச்சு அடைச்சுடுவோம்’ என்றானாம். அதோடு விட்டார்களா, இவர் மட்டும் தனியாக முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பது மரியாதையாக இருக்காது என்று அவன், அவன் மனைவி, அந்த மாமியார் எல்லோரும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்களாம். இரண்டு கரண்டி சோறு, மக்ரோனி, கோழி என்று தட்டில் குவித்துக் கொடுத்திருக்கிறார்கள். நல்ல ஜனங்கள், அவர்களுக்கு நீ கையெழுத்துப் போட்டு ஒரு படம் அனுப்ப வேண்டும், விலாசம் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

மூன்றாவது பாதி கால் நேரத்தில் உன் அப்பாவுக்கு ஒதுங்க வேண்டியிருந்தது. நான் பாதி, கால் என்று எழுதியதைப் பார்த்துச் சிரிக்காதே, மூன்றாவது கால் பகுதி, உனக்குப் புரியும். வெளியே கழிப்பறை வரிசை காத தூரம் நின்றது. கேட்டில் நின்ற பெண்ணொருத்தி, ‘டிக்கெட் இருக்குல்ல அங்கிள், உள்ளயே போயிட்டு வாங்க, யாரு உங்களைப் புடிச்சுக்கப் போறா’ என்று விட்டிருக்கிறாள். வண்டிக் குதிரைக்குக் கண்பட்டை கட்டுகிற மாதிரி கன்னத்துக்கு இரண்டு பக்கமும் கையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி போயிருக்கிறார். போகும்போது சரியாகப் போனவர் திரும்பும்போது வழி தவறி, ஒரு சந்தில் நுழைந்து, வெளிச்சம் தெரிகிறதே என்று தலையை நிமிர்த்தினால் எதிரே புல், முப்பது அடி தூரத்தில் உன் முதுகு. சட்டையில் உன் எண், அறுபத்தேழு. ‘கண்ணை மூடணும்னுதான் நெனச்சேன் பெர்னாடெட், மூட மாட்டேங்குது’ என்று விமானத்தில் என்னிடம் சொன்னார். அந்த ஒரே ஒரு மோதலைத்தான் பார்த்தார். பந்து நகர்ந்தது, நீ பாய்ந்தாய், கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தாய்.

நான் மேலே உட்கார்ந்திருந்தேன், நீ விழுந்ததும் பார்த்தேன், இரண்டே நிமிஷத்தில் எழுந்து சிரித்துக்கொண்டே நொண்டிப் போனதும் பார்த்தேன், வெறும் தசைப்பிடிப்பு என்று பெரிய திரையில் போட்டார்கள், அடுத்த தடவை பந்து வந்தபோது நீ மறுபடி களத்தில் இருந்தாய். ஆனால் நீ எழுந்ததை அவர் பார்க்கவில்லை. அதற்குள் திரும்பி ஓடிவிட்டார், அறுபத்தெட்டு வயதில், வெறும் வயிறும் இல்லை. மெல்வின் தேடிக் கண்டுபிடித்தபோது வாடகைக் காருக்குள் எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டு, ரேடியோவை நிறுத்திவிட்டு, அந்த வெயிலில் வேர்த்து ஊற்ற உட்கார்ந்திருந்தாராம். ஆட்டம் முடிந்து நான் போனதும் ‘எந்தக் கால்?’ என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. தசைப்பிடிப்புதான், பையன் கடைசி வரைக்கும் ஆடினான் என்று மாதா மேல் ஆணையாகச் சொன்னேன். ‘முதல்ல பிடிப்புன்னுதான் சொல்வானுங்க, ஸ்கேன் எடுத்த பொறவுதான் உண்மை வரும்’ என்றார். மார்ச்சில் உன்னை எடுக்கும் முன் புது அணிக்காரர்கள் டாக்டர்களிடம் காட்டப்போகிறார்களே, அதில் உனக்கு ஏதாவது குறை வந்தால் தன் கண்தான் காரணம் என்று மனிதர் இளைத்துப்போய்விட்டார். நீ ஃபோன் செய்யும்போதெல்லாம் ‘அம்மாவக் கூப்பிடறேன்’ என்று என் கையில் திணித்துவிட்டு ஓடுவது வெட்கத்தால் இல்லை மகனே, பயத்தால். உன் குரலைக் கேட்பதும் பார்ப்பதில் சேர்த்தியா இல்லையா என்று அவருக்கே இன்னும் தெளிவாகவில்லை. எனக்குச் சிரிப்பும் வருகிறது, ராத்திரி படுக்கும்போது அழுகையும் வருகிறது. உன் மேல் இத்தனை பிரியம் வைத்துக்கொண்டு உன்னிடமே ஒரு நல்ல வார்த்தை சொல்லத் தெரியாத ஆளைக் கட்டிக்கொண்டு முப்பத்தொன்பது வருஷம் ஓட்டிவிட்டேன்.

ஆகையால் நீ செய்ய வேண்டியது இதுதான். அந்த மோதலுக்கு முந்தின மோதலிலேயே கால் பிடிக்க ஆரம்பித்துவிட்டது என்று அவரிடம் நீயே சொல்ல வேண்டும். அதாவது அவர் சந்திலிருந்து எட்டிப் பார்ப்பதற்கு முன்னாலேயே. அது நிஜமா இல்லையா என்று நான் கேட்கப் போவதில்லை, நிஜம் என்றால் நல்லது, இல்லையென்றால் அந்தப் பாவத்தையும் என் கணக்கில் போட்டுக்கொள்கிறேன், ஃபாதர் ஸ்டானிஸ்லாஸ் என்னைக் கேட்டுக் கேட்டுப் பழகியவர். நான் எழுதித்தான் தெரியும் என்று காட்டிக்கொள்ளாமல் எப்படிச் சொல்வாய் என்று யோசித்துப் பார்த்தேன், வழி தெரியவில்லை. காட்டிக்கொண்டே சொல். எத்தனை நாள்தான் வீட்டுக்குள் கண்ணாமூச்சி ஆடுவது.

இதை எழுதும்போதே அவர் கீழேயிருந்து வந்துவிட்டார். காகிதத்தைக் கையால் மறைத்தேன். யாருக்கு என்றார், ரஸ்ஸுக்கு என்றேன். என்ன எழுதுகிறாய் என்று கேட்கவில்லை. ஒரு காபியை ஊற்றிக்கொண்டு மேசைக்கு அந்தப் பக்கம் நின்றார். பிறகு என் பியரோகி மாவில் விரலால் ஒரு கோடு போட்டார். ‘அன்னிக்கு நான் பாத்தப்போ இங்க நின்னான் அந்த எதிராளி’ என்றார். ஒரு சாண் தள்ளி இன்னொரு கோடு போட்டார். ‘நம்ம பையன் அவனைக் கொண்டுபோய் நிறுத்தினது இங்க. அஞ்சு கஜம். அங்க இருந்த அத்தனை பேரும் தோளைத் தட்டிக்கிட்டுத்தான் நின்னானுங்க, இவன் ஒருத்தன்தான் ஆடினான். எழுது’ என்றார். எழுதுகிறேன் என்றேன். ‘நான் சொன்னேன்னு எழுதாத’ என்றார். மாவு பாழாகிவிட்டது, ஆனால் எனக்கு அந்தக் கோடுகளை அழிக்க மனசு வரவில்லை, பக்கத்தில் வேறு இடம் பார்த்துப் பிசைந்துகொள்ளப் போகிறேன்.

மாதா உன் ஒவ்வொரு எலும்பையும் காக்கட்டும், உடைந்தது உடையாதது எல்லாவற்றையும். தண்ணீர் நிறையக் குடி, தலைமுடியை வெட்டு. ஞாயிறு பூசை முடிந்து பகல் ஒரு மணிக்கு ஃபோன் செய். மணி எத்தனை தடவை அடித்தாலும் நான் எடுக்க மாட்டேன்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா பெர்னாடெட்