முந்நூறு கஜம்

வட கரோலினாக் கரை,
1862 மே 9

அன்பு மகள் கெசியாவுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையில் நானும் அம்மாவும் நலம். ஒஹையோவில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டுமென்று அம்மா தினமும் ஜெபிக்கிறாள். குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதா? உன் தம்பி ஏனோக் வீடு வந்து சேர்ந்தான். வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. பதறாதே, புண் ஆறி வருகிறது, சோளக்கூழும் மீனும் நன்றாகச் சாப்பிடுகிறான்.

நடந்ததை உனக்குத்தான் முதலில் சொல்கிறேன். ஊரை வடக்குப் படை பிடித்த பிறகும் எதிர்த்தீவுக் கோட்டையில் நம் தெற்குப் பையன்கள் ஒரு மாதம் தாக்குப்பிடித்தார்கள், ஏனோக்கும் உள்ளேதான் இருந்தான். மணல்மேட்டுக்குப் பின்னால் பீரங்கிகளை வைத்து வடக்கத்தியார் சுட ஆரம்பித்த அன்று நானும் எல்லோரையும் போல நம் ஊர் விடுதி மாடியில் போய் நின்று வேடிக்கை பார்த்தேன். மதியம் வரை குண்டுகள் எல்லாம் கோட்டையைத் தாண்டிக் கடலில்தான் விழுந்தன. அந்த மாடியிலிருந்து பார்த்துத் தன் பீரங்கிக்காரர்களுக்குக் கொடியால் சைகை காட்டிய வடக்குச் சிப்பாய்க்குத் தண்ணீருக்கு மேல் தூரம் கணிக்கத் தெரியவில்லை. முப்பது வருஷம் மேட்டில் நின்று மடவை மீன் கூட்டம் பார்த்துப் படகுக்குத் தொப்பி ஆட்டியவன் நான். கை தானாகத் தொப்பியைக் கழற்றி, கிட்டே, இன்னும் கிட்டே என்று ஆட்டிவிட்டது. அவன் என்னைப் பார்த்து, பெரியவரே, எவ்வளவு தூரம் தாண்டுது என்று மரியாதையாகக் கேட்டான். முந்நூறு கஜம் என்று சொல்லிவிட்டேன், கெசியா. சரியாகச் சொல்ல வேண்டுமென்ற பெருமையில், உள்ளே பிள்ளை இருப்பதே அந்த நொடி நினைவில் இல்லை. அவன் கொடியை ஆட்டினான். அதற்குப் பிறகு வந்த குண்டுகள் மதிலில் விழுந்தன. சாயங்காலம் கோட்டையில் வெள்ளைக்கொடி ஏறிவிட்டது.

நேற்று ஏனோக் அம்மாவிடம், மத்தியானம் வரைக்கும் சிரிச்சுக்கிட்டுத்தாம்மா இருந்தோம், கண்ணெதிரே திமிங்கிலம் நின்னாலும் அவனுங்களுக்கு அடிக்க வராதுன்னு, அப்புறம் எவனோ நம்ம ஊர்க்காரன் சொல்லிக் குடுத்துட்டான் என்றான். அவன் கை அழுகிப் போக என்று அம்மா சபித்தாள். நான் வலை பின்னிக்கொண்டிருந்தேன். தலை நிமிரவில்லை. வாய் வரை வந்ததைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். குளிரில் வெளியே போனால் நெஞ்சை மூடிக்கொள். கர்த்தர் உங்கள் மூவரையும் காக்கட்டும். மறக்காமல் ஒன்று செய். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, எனக்குப் பக்கத்தில் இருப்பது மங்கலாகத்தான் தெரிகிறது, இதையே தடவித்தடவித்தான் எழுதுகிறேன். இப்போது உன் கடிதங்களை எங்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுவது ஏனோக்தான். அடுத்த கடிதத்தில் நான் அன்று செய்ததையெல்லாம் ஒன்று விடாமல் எழுதிவிடு. அவன் படித்து முடிக்கும் வரை நான் எழுந்து போகமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா ஜோத்தம்