இருட்டுப் பக்கத்துக்கு இரண்டு புள்ளி

அன்பு மகளுக்கு, இங்கே நானும் உன் அப்பாவும் சித்தியும் சுகமாக இருக்கிறோம், எனக்கு வாய் மட்டும் கூடுதல் சுகத்தில் இருக்கிறது என்று எழுதச் சொன்னார் உன் அப்பா, எழுதிவிட்டேன். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன், இவ்வளவு தூரத்திலிருந்து நம்பத்தானே முடியும். போனில் கேட்டால் எல்லாவற்றுக்கும் ம் என்கிறாய். சாப்பிட்டாயா, ம். தூங்கினாயா, ம். அங்கே குளிரா, ம். பேச்சு வராத வயதில்கூட இதைவிட அதிகம் பேசினாய். அதனால்தான் இந்தத் தடவை கடிதமாகவே எழுதுகிறேன், இதில் நீ குறுக்கே ம் போட முடியாது. என் படிப்பு உனக்குத் தெரியும், நான் பள்ளிக்கூடம் போனதைவிட வாத்தியார் என்னைத் தேடிக்கொண்டு வீட்டுக்கு வந்ததுதான் அதிகம், ஆகவே எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நீயே நிறுத்தி மூச்சு விட்டுக்கொள்.

பெரிய செய்தி என்னவென்றால் நம் பூங்காவின் கைப்பந்து மைதானத்தைத் திறந்துவிட்டார்கள். நீ போன தடவை வந்திருந்தபோது தகரம் அடித்து மறைத்து, உள்ளே பள்ளம் பறித்துப் போட்டிருந்தார்களே, அதே இடம்தான், இப்போது பார்த்தால் நம்ப மாட்டாய். தரை முழுக்க நீல நிறம், ஓரத்தில் சிவப்பு, நடுவில் வெள்ளைக் கோடு, காலை வைத்தால் லேசாக மெத்தென்று அமுங்கிக்கொடுக்கிறது, முதல் நாள் நாங்கள் யாரும் செருப்போடு மிதிக்க மனசில்லாமல் வாசலில் கழற்றி வைத்துவிட்டோம், அப்புறம் காவல்காரர் வந்து ஷூ போட்டால்தான் உள்ளே விடுவேன் என்று எல்லோரையும் வெளியே விரட்டினார். மூலைக்கு ஒன்றாக நான்கு உயரமான கம்பம், ஒவ்வொன்றிலும் வெள்ளை விளக்கு, சுவிட்சைப் போட்டால் பகல்தான். இத்தனை வருடம் ஒரே ஒரு மஞ்சள் விளக்கில் விளையாடிய தெருப் பெண்கள் கூட்டம் நாங்கள், அதுவும் ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் எட்டும், அடுத்த பக்கம் மரத்தடி இருட்டு. புது விளக்கு எரிந்ததும் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். நர்ஸம்மாவுக்கு இவ்வளவு நரை என்று எனக்குத் தெரியவே தெரியாது. கண்டக்டரக்கா என்னைப் பார்த்து, இத்தனை நாளா இந்த மூஞ்சிக்கா பந்து எடுத்துக் கொடுத்தேன் என்றாள். உன் அப்பா நடுவர் என்று விசிலோடு வந்து நின்றார், அவர் தலையில் நான்கு விளக்கும் தெரிந்தது, ஐந்தாவது விளக்கு எதற்கு வீண் செலவு என்று நான் கேட்டேன், அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை. நிம்மதியாக இருந்தது.

ஆனால் இடம் நன்றாகிவிட்டால் ஆள் வந்துவிடுவார்கள் இல்லையா. மண்ணும் கல்லுமாகக் கிடந்தவரை அந்தப் பக்கம் நாயும் நாங்களும்தான் போனோம். இப்போது எல்லோருக்கும் மைதானம் வேண்டும், எல்லோருக்கும் மாலை ஏழு மணிதான் வேண்டும். பையன்களுக்கு நான்கு மணி, பள்ளிப் பிள்ளைகளுக்கு ஐந்தரை என்று பூங்கா மேற்பார்வையாளர் பிரித்துக் கொடுத்துவிட்டார். ஏழு மணிக்குத்தான் சண்டை. ஒன்று நாங்கள், இன்னொன்று புதிதாகக் கட்டின அடுக்குமாடி வீட்டுப் பெண்கள். அவர்களுக்குச் சட்டை ஒரே நிறம், முதுகில் நம்பர், தண்ணீர் குடிக்கக்கூட ஒரே மாதிரி பாட்டில். அவர்களுடைய கேப்டன் ஒருத்தி இருக்கிறாள், ஒட்டடைக்குச்சி மாதிரி உயரம், சிரித்த முகம், வலைக்கு மேலே எட்டிப் பார்த்து நம் பக்கத்து ஆளை நலம் விசாரிக்கலாம், அவ்வளவு நெட்டை. மேற்பார்வையாளர் நல்ல மனிதர்தான், ஆனால் ஒரு முடிவு எடுக்கச் சொன்னால் பல்வலி வந்தவர் மாதிரி கன்னத்தைப் பிடித்துக்கொள்வார். கடைசியில் அவர், நீங்க ரெண்டு பேரும் ஒரு ஆட்டம் ஆடுங்க, ஜெயிச்சவங்களுக்கு ஏழு மணி, தோத்தவங்களுக்குக் காலையில ஆறு மணி என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார்.

காலை ஆறு மணி என்றால் எனக்கென்ன, கண்ணைத் தேய்த்துக்கொண்டு போய்விடுவேன், இஸ்திரிக் கடையை ஒன்பது மணிக்குத்தானே திறக்கிறேன். என் கவலை எல்லாம் உன் சித்தியைப் பற்றித்தான். அவள் பேக்கரியில் விடிவதற்கு முன்னாலேயே மாவு பிசையப் போய்விடுகிறாள், ஆறு மணிக்கு அடுப்பின் முன்னால் நிற்பாள். சித்தப்பா போய்ச் சேர்ந்த பிறகு அவள் எப்படி இருந்தாள் என்று உனக்கே தெரியும். வேலை, வீடு, கதவு சாத்தியாகிவிடும். எந்த விசேஷத்துக்குக் கூப்பிட்டாலும் தலைவலி. யாராவது எதிரில் வந்து ஐயோ பாவம் என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிடுவார்கள் என்றுதான் அவளுக்குப் பயம். ஒரு நாள் ஆள் குறைகிறது, சும்மா நின்றால் போதும் என்று பொய் சொல்லிக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன், இருட்டுப் பக்கத்தில் நின்றாள், அங்கே யார் முகமும் யாருக்கும் தெரியாது, அது அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அதற்குப் பிறகும் தானாக வந்தாள் என்று சொல்ல மாட்டேன், தினமும் நான் போய்க் கதவைத் தட்ட வேண்டும், ஆனால் தட்டினால் வருவாள். பந்தை அடிக்க ஆரம்பித்தாள் பார், அம்மாடி, மாவு பிசைந்த கை, பந்து பாவம். அந்த ஒரு மணி நேரம் போய்விட்டால் அவள் மறுபடியும் கதவைச் சாத்திக்கொள்வாள்.

புது விளக்கைப் பார்த்து முதலில் மிரண்டவளும் அவள்தான். உள்ளே வராமல் கம்பி வேலி ஓரத்திலேயே நின்றாள். இவ்வளவு வெளிச்சம் எதுக்குக்கா என்றாள். நீ அழகா இருக்கேன்னு நாலு பேருக்குத் தெரிய வேணாமா என்றேன். சிரிக்கவில்லை, ஆனால் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டாள்.

ஆட்டத்துக்கு நடுவர் யார் என்று பேச்சு வந்தபோது அந்தப் பக்கத்துப் பெண்களே உன் அப்பாவைச் சொல்லிவிட்டார்கள். அவர் இவங்க வீட்டுக்காரராச்சே என்று யாரோ கேட்டதற்குக் கண்டக்டரக்கா, கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவர் ஒரு தடவைகூட இவ பக்கம் பேசினதில்லை, பயப்படாதீங்க என்றாள். நான் அதற்குச் சாட்சி. புள்ளிப் பலகையில் அட்டையைத் திருப்பிப் போட நம் தெருச் சலூன்காரத் தம்பியை உட்கார வைத்தோம், பழைய மைதானத்திலும் அவர்தான் கரித்துண்டால் சுவரில் எழுதிக்கொண்டிருப்பார். இருபத்தைந்து புள்ளி முதலில் எடுப்பவருக்கு ஏழு மணி, அவ்வளவுதான் பேச்சு.

இந்த இடத்தில் உனக்கு எங்கள் பழைய வழக்கம் ஒன்றை ஞாபகப்படுத்த வேண்டும். ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் இருட்டு என்பதால், மரத்தடி இருட்டில் நின்று ஆடுகிறவர்கள் எடுக்கிற புள்ளிக்கு இரண்டு என்று நாங்களே வைத்துக்கொண்டோம் இல்லையா, வெளிச்சத்தில் நிற்கிறவர்களுக்கு ஒன்றுதான். பந்து வருகிற சத்தத்தை வைத்து அடிக்க வேண்டும், அதற்குக் கூலி வேண்டாமா. வருடக்கணக்காக அப்படியே ஆடியாயிற்று. புது மைதானத்தில் அதெல்லாம் கிடையாது என்று எல்லோருக்கும் தெரியும், உன் அப்பாவே ஆட்டத்துக்கு முன்னால் வாய் விட்டுச் சொன்னார்.

ஆட்டம் என்றால் ஆட்டம். அவர்கள் பழகினவர்கள், கோடு கோடாக நகர்கிறார்கள். நாங்கள் கத்திக்கொண்டே ஆடுகிறவர்கள், யாருடைய பந்தோ அவள் நான் நான் என்று கத்துவாள், இருட்டில் வந்த பழக்கம். முதலில் அந்தப் பெண்கள் என்ன சத்தம் இது என்று திகைத்து நாலைந்து பந்தை விட்டுவிட்டார்கள். பிறகு சுதாரித்துக்கொண்டார்கள். பாதியில் பக்கம் மாற்றினோம், நாங்கள் மரத்தடிப் பக்கம் வந்தோம். கூட்டம் கூடிவிட்டது, நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் எல்லாம் நடப்பதை நிறுத்திவிட்டு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் இருபத்து நான்கு, நாங்கள் இருபத்து மூன்று. நர்ஸம்மா பந்தைத் தூக்கிக் கொடுத்தாள், உன் சித்தி எழும்பி அடித்தாள், நெட்டைக் கேப்டனின் இரண்டு கைக்கும் நடுவே போய்த் தரையில் விழுந்தது. உன் அப்பா விசில் அடித்து இரண்டு விரலைத் தூக்கினார். அதுவரை ஒன்று ஒன்றாகச் சரியாகக் காட்டினவர்தான், மரத்தடியில் நாங்கள் நின்றோம், கடைசிப் பரபரப்பில் அவர் கை பழக்கத்தில் போய்விட்டது. சலூன்காரத் தம்பியும் அதே பழக்கத்தில் இரண்டு அட்டையைத் திருப்பினார். பலகையில் இருபத்தைந்து. நாங்களும் அதே பழக்கத்தில் குதித்தோம், நான் கண்டக்டரக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன், அவள் மட்டும் குதிக்காமல் நின்றாள், அவளுக்குக் கணக்கு அப்போதே உறைத்திருக்கிறது, பிறகு கேட்டால் வாய் ஒட்டிக்கொண்டது என்கிறாள், பஸ்ஸில் மீதிச் சில்லறை கேட்டாலும் அவள் வாய் அப்படித்தான் ஒட்டிக்கொள்ளும். எதிர்ப்பக்கத்துப் பெண்கள் பலகையைப் பார்த்து, நடுவில் ஒன்றை எண்ணாமல் விட்டுவிட்டோம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். கேப்டன் கை கொடுக்கக் கிளம்பியே விட்டாள், மேற்பார்வையாளரும் அப்பாடா என்று எழுந்துவிட்டார்.

அப்போது உன் சித்தி வலைப் பக்கத்தில் நின்றபடி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். "மாமா, இப்ப இருட்டு எங்க இருக்கு? ஒண்ணுதான் போடணும்."

உன் அப்பா தன் இரண்டு விரலைத் தானே பார்த்தார். ஒரு விரலை மடக்கினார். பலகை இருபத்து நான்கு ஆயிற்று. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை, பைத்தியக்காரி, யாருக்காக இதெல்லாம் என்று கத்தத் தோன்றியது, அவள் முகத்தைப் பார்த்தேன், நேராக விளக்குக்குக் கீழே நிற்கிறாள், வியர்த்து வழிகிறது, அத்தனை பேரும் அவளைத்தான் பார்க்கிறார்கள், அவள் பாட்டுக்கு இடுப்பில் கை வைத்துக்கொண்டு அடுத்த பந்துக்குக் காத்திருக்கிறாள். நானும் என் இடத்தில் போய் நின்றுகொண்டேன்.

கடைசிப் புள்ளியை யார் விட்டது என்று நீ கேட்காமல் இருந்தால் நல்லது. சரி, நான்தான். பந்து உயரப் போய் நேராக என்னிடம் வந்தது, நான் நான் என்று கத்தியும் விட்டேன், ஆனால் இத்தனை வருடம் சத்தத்தை மட்டுமே கேட்டுப் பழகினவளுக்கு அந்தப் பந்து நீலமும் மஞ்சளுமாகச் சுற்றிக்கொண்டு வெளிச்சத்தில் இறங்குகிற அழகைப் பார்த்ததும் அடிக்க வேண்டும் என்பதே மறந்துபோயிற்று. பார்த்துக்கொண்டே நின்றேன். காலடியில் விழுந்தது. உன் அப்பா இப்போது ஒரு விரலைச் சரியாகக் காட்டினார், அவர்கள் பக்கம்.

அப்புறம் சித்தி நான் நினைத்தபடியே செய்தாள். வேலை, வீடு, கதவு. தட்டினால் திறந்தாள், பேசினாள், ஆனால் மாலையில் எங்கும் வரவில்லை. எங்கள் கூட்டம் காலை ஆறு மணிக்குப் போய்க் கொட்டாவி விட்டுக்கொண்டு ஆடியது, அவள் இல்லாமல் பந்துக்குச் சத்தமே இல்லை. இப்படியே இருந்தபோது ஒரு நாள் அந்த நெட்டைக் கேப்டன் பேக்கரிக்கே போய் நின்றிருக்கிறாள். எங்க கூட வந்து ஆடுங்க, உங்களை மாதிரி அடிக்க எங்ககிட்ட ஆள் இல்லை என்று கேட்டிருக்கிறாள். சனி ஞாயிறு மாலையை எங்கள் கூட்டத்துக்கு விட்டுக்கொடுப்பதாக மேற்பார்வையாளரிடம் அவளே பேசியும் வைத்திருக்கிறாள். அன்று மாலை சித்தி மாவுக் கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் என் கடைக்கு வந்தாள். போனா நீங்கல்லாம் என்னக்கா நினைப்பீங்க என்றாள். எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன், நான் இழுத்து வந்து ஆளாக்கினவளை எவளோ தூக்கிக்கொண்டு போகிறாளே என்று. ஆனால் போ, போய் அவங்க ஒரே மாதிரி பாட்டில்ல என்னதான் குடிக்கிறாங்கன்னு பார்த்துச் சொல்லு என்றேன். அதற்குச் சிரித்தாள்.

முதல் நாள் நானும் துணைக்குப் போனேன், பழக்கம். பூங்கா வாசல் வரை வந்ததும் நின்றாள். நீ வீட்டுக்குப் போக்கா, நானே போய்க்கிறேன் என்றாள். அவள் வெளிச்சத்துக்குள் நடந்து போவதை வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தேன். அவர்கள் கொடுத்த சட்டை அவளுக்குக் கொஞ்சம் பெரிசு, வாங்கி வந்து பிடித்துத் தைத்துக் கொடுத்திருக்கிறேன், இஸ்திரியும் போட்டேன், நம்பர் கலையாமல்.

மற்றபடி வீட்டில் விசேஷம் ஒன்றும் இல்லை. விளக்கு வெளிச்சம் படுக்கையறைக்குள் வருகிறது என்று பக்கத்துத் தெருவில் புகார் கொடுத்தார்கள், இப்போது கொஞ்சம் கீழே சாய்த்துவிட்டார்கள், ஒன்பது மணிக்குத் தானாக அணைந்துவிடுகிறது. உன் அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, பணிமனையில் கனமான வேலை தருவதில்லையாம், விசிலை மட்டும் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறார், எதற்கென்று கேட்டால் நீ குறட்டை விட்டால் ஊதுவதற்கு என்கிறார். நீ அங்கே ராத்திரி வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருக்காதே, கண் போகும். உன் வீட்டுப் பக்கத்திலும் ஏதாவது பூங்கா இருக்கும், மாலையில் கொஞ்சம் எழுந்து நட, விளையாடத் தெரியாவிட்டால் பரவாயில்லை, உன் அம்மாவுக்கும் தெரியாது என்பது இப்போது ஊருக்கே தெரிந்துவிட்டது. யாராவது ஆள் குறைகிறது என்று கூப்பிட்டால் தலைவலி என்று சொல்லாதே, போய் நில்.

எங்கே இருந்தாலும் உடம்பிலும் மனசிலும் தெம்போடு, சிரித்த முகமாக, நீண்ட ஆயுளோடு இரு என்று அப்பாவும் நானும் ஆசீர்வாதம் பண்ணுகிறோம். மறக்காமல் சித்திக்கு ஒரு போன் பண்ணு, அவளிடமாவது ம் போடாமல் பேசு. ஆனால் நம் ஊர் நேரம் மாலை ஏழு மணிக்குப் பண்ணாதே, அவள் வீட்டில் இருக்க மாட்டாள்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்று வளர்த்து, உன் ம் கேட்டுக்கொண்டிருக்கும்
அம்மா