திவ்யாவை ஏன் நிற்க விட்டேன்

சனிக்கிழமை, இரவு

கோபம் இன்னும் அடங்கவில்லை.

சீசனுக்கு முன்னால் எங்கள் பெண்கள் கால்பந்து அணிக்கு இன்று பல்லேகலயில் ஒரு சிநேகபூர்வ ஆட்டம். பந்தைத் தடுக்கப் பாய்ந்த கோல்கீப்பர் திவ்யாவின் தலை கோல் கம்பத்தில் மோதியது. ஓடிப்போய்த் தூக்கினேன்.

“நாம யாரோட வெளயாடுறோம், மிஸ்?” என்று கேட்டாள்.

அதுகூட அவளுக்கு நினைவில்லை. அவளை வெளியே எடுக்கிறேன் என்றேன். எங்கள் மேனேஜர் கத்தினார். “சின்ன அடிதானே மிஸ்! வேற கீப்பர் இல்ல. சும்மா நிக்கட்டும்.”

கோச் நான்தான். ஆனாலும் அவளை நிற்க விட்டேன்.

ஐந்து நிமிடத்தில் வாந்தி எடுத்தாள். த்ரீவீலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். இரண்டு நாள் வார்டில் வைத்துப் பார்க்க வேண்டுமாம். ஹந்தானையிலிருந்து வேலை உடுப்போடு ஓடிவந்த அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். “நல்லவேள, நீங்க கூட இருந்தீங்க மிஸ்.”

சற்று முன் மேனேஜரின் மெசேஜ் வந்தது. “புதன்கிழமை மேட்சுக்கு வேற கீப்பர் பாருங்க.” திவ்யா எப்படி இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை இல்லை.

“இனி யார் இறங்குவது என்று நான்தான் சொல்வேன்” என்று அனுப்பினேன். அதை மைதானத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். அவள் அம்மாவிடம் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. விடிந்ததும் வார்டுக்குப் போய்ச் சொல்லப்போகிறேன்.