பதினாறு நாள் கழியாத பயணி

செவ்வாய்க் கோள், தெற்குச் சுரங்க முகாம். காலை 9.10
இந்தக் குறிப்பேட்டை எடுப்பவருக்கு: நான் நறுமுகை, ஒன்பதாம் வகுப்பு. பேச்சியம்மாள் சித்தியின் குழந்தையை நகர மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறேன். பிறந்து மூன்று நாள். ஒன்றரைக் கிலோ. மூச்சுத் திணறல். வண்டி தானே ஓடும், ஒரே இருக்கை. பழைய மின்கலம் பெரியவர்களின் எடையை இழுக்காது, என் முப்பத்தாறு கிலோவைத்தான் தாங்கும். குழந்தையின் கண்ணாடிப் பெட்டி பின்னறையில் பூட்டப்பட்டிருக்கிறது. பயணப் படிவத்தை நானே நிரப்பினேன். பெயர்: இல்லை.

9.40
முகாமிலிருந்து சித்தி: "ஏட்டி, புள்ளைக்குப் பேரு கீருன்னு எதையும் எழுதிராத. பதினாறு கழியட்டும். நீ புஸ்தகத்துல இருந்து வாயில நுழையாத பேரா எடுத்து வச்சிருவ."
ஏழு பெயர் யோசித்து வைத்திருக்கிறேன்.

11.25
குழந்தையின் உடல் வெப்பம் 36.4. வெளியே புழுதிப் புயல். இரண்டு நாளாக எனக்கும் சரியான தூக்கமில்லை.

12.50
35.6. பெட்டியின் சொந்த மின்கலம் தீர்ந்துவிட்டது. என் இருக்கை மட்டும் கதகதப்பாக இருக்கிறது.
மருத்துவமனையிலிருந்து டாக்டர் ரெஜினா: "பாப்பாவ வெளிய எடுக்காதம்மா. மூச்சுக்குழாய் நகந்துட்டா உன்னால திரும்ப வைக்க முடியாது. வண்டியோட சூடு பெட்டிக்கு ஏன் போகலன்னு பா—"
தொடர்பு அறுந்தது.

1.15
கண்டுபிடித்தேன். திரையில் இருக்கிறது.
முன் இருக்கை: பயணி, நறுமுகை.
பின்னறை: சரக்கு, பெயர் இல்லை.
பெயரில்லாத எதுவும் இந்த வண்டிக்குச் சரக்கு. சரக்குக்குச் சூடு கிடையாது. எழுதியது நான்தான். நகரத் தொடர்பு இல்லாமல் புதுப் பயணியைச் சேர்க்க முடியாது. ஏழு பெயரையும் போட்டுப் பார்த்தேன். ஏழையும் மறுத்தது.

1.40
34.7. அழுகைகூட வரவில்லை அதற்கு.
புதிதாகச் சேர்க்கத்தான் முடியாது. இடம் மாற்றலாம்.
பின்னறை: பயணி, நறுமுகை.
முன் இருக்கை: சரக்கு, பெயர் இல்லை.
ஏற்றுக்கொண்டது. மன்னித்துக்கொள் சித்தி, பதினாறு கழியவில்லை.

2.30
35.5. கால் உதைக்கிறது! இங்கே என் மூச்சு கண்ணாடியில் உறைகிறது. ஒரு கம்பளிதான் இருக்கிறது.

3.50
36.3. விரல் மடங்கவில்லை. எழுத்து கோணல். தூங்கக் கூடாது என்று பாடத்தில் படித்தது. எந்தப் பாடம் என்று நினைவில்லை.

4.35
வந்துவிட்டோம். பின்கதவு திறந்தது. பெட்டியை உள்ளே எடுத்துக்கொண்டார்கள். வண்டி தானாக நகர்ந்து சரக்குக் கொட்டகையில் நிற்கிறது. கதவு உள்ளிருந்து திறக்கவில்லை.
ஒலிபெருக்கியில் வாசல் ஊழியர்: "பாப்பா வந்துருச்சு டாக்டர், நல்லா மூச்சு விடுது. பேரு நறுமுகையாம். கூட ஆளு? இல்லியே, திரையில ஒரு பயணிதான் காட்டுது. மிச்சம் சரக்கு. அதை நாளைக்கு எறக்கிக்கலாம்."
பேசும் பொத்தானை அழுத்தினேன்.
சரக்குக்குப் பேச அனுமதி இல்லை.
கண்ணாடியைத் தட்டுகிறேன். டாக்டருக்கு என்னைத் தெரியும். கேட்பார். தட்டிக்கொண்டே