புகையைத் துடைத்தேன்

9 நவம்பர் 2004, செவ்வாய்
மழை. லண்டன் கோலியர்ஸ் வுட் கடைக்குள் ஈரமணம். சட்டம் போட வேண்டியவை: கலியாணப் படம் இரண்டு, முருகன் ஒன்று, செ. ரீச்சரின் பழைய ஓவியம்.

ரீச்சரின் அப்பா கல்கத்தாவில் படித்த காலத்தில் வாங்கியதாம். ஆற்றங்கரையில் விளக்கோடு ஒரு பெண். படம் முழுக்க மங்கல். வருசக்கணக்கான அழுக்கு என்று நினைத்தேன். கலண்டர் சாமிகளைப் பார்த்துப் பழகின கண் எனக்கு. ஈரப் பஞ்சால் துடைத்தேன். முகம் பளிச். எனக்கே பெருமை.

பஞ்சில் நீலம். அதைப் பார்த்தும் நிறுத்தவில்லை.

11, வியாழன்
பால் வாங்க மறந்தேன். பின்னேரம் ரீச்சர் வந்தா. படத்தை நெடுநேரம் பார்த்தா.

"தம்பி, இதில இருந்த புகை எங்கை?"

அவவே சொன்னா. "அந்தக் காலத்துக் கல்கத்தா ஓவியர்கள் வெள்ளைக்காரன்ர எண்ணெய்ச் சாயம் வேண்டாமெண்டு விட்டவை, சீமைத் துணியை விட்ட மாதிரி. தண்ணிச் சாயத்தில கீறி, கடதாசியைத் தண்ணியில தோய்ச்சு, திரும்பக் கீறி, திரும்பத் தோய்ச்சு எடுத்த புகை அது. அந்தப் பொம்பிளைதான் நாடு. இன்னும் வராத நாட்டை வேறை எப்பிடிக் கீறுறது?"

"கொண்டு வரேக்கையே இப்பிடித்தான் இருந்தது, ரீச்சர்."

எப்படி வந்தது வாயில்? துளிகூடத் தடுமாறவில்லை நான்.

அவ உடனே நம்பிவிட்டா. "அப்ப நான்தான் பழுதாக்கினது. கொழும்பில ஈரச் சுவரில கொழுவி வைச்சனான். அப்பா வெள்ளைக்காரன்ர பொலிசுக்கு ஒளிச்சு வைச்சுக் காப்பாத்தின படம்."

சட்டம் வடிவாம். நன்றி சொல்லிப் படத்தைக் கொண்டு போனா. எனக்கு நன்றி!

13, சனி
மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம்; செய்ததைப் பாதரிடம் சொன்னேன். அவர் சுருக்கமாய்ச் சொன்னார்: "என்னட்டைச் சொன்னாப் போதாது. அவவிட்டைப் போய்ச் சொல்லும்."

அதைத் தவிர்க்கத்தான் கோயிலுக்குப் போனேன். கோழை.

14, ஞாயிறு
குளிர். பஸ்ஸில் சட்டன் ஊருக்கு. ரீச்சர் வீடு. படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிச் சாத்தி வைத்திருந்தா. பார்க்க ஏலாதாம்.

நின்றபடியே எல்லாம் சொன்னேன். பஞ்சு, நீலம், பொய். ஏச்சுக்குக் காத்து நின்றேன். ஏசியிருக்கலாம்.

அவ கதிரையில் இருந்தா. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினா.

"அப்ப... நான் பழுதாக்கேல்லையா?"