உசிலம்பட்டி டீக்கடை பெஞ்சு

மாப்ள,

இன்று காலை போனில் வானிலைச் செய்தி வந்தது. மதுரையில் இரண்டு நாளைக்கு வெயில் வழக்கத்தைவிடக் கூடுதலாக அடிக்குமாம். மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் இடியுடன் கனமழையும் பெய்யுமாம். படித்ததும் உன் குரல்தான் கேட்டது: "அந்த ஓரிரு இடம் நம்ம களமான்னு எவன் சொல்லுவான்?"

இழுப்பறையிலிருந்து உன் பட்டன் போனை எடுத்தேன். நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. "நம்பரெல்லாம் இதுலதான் இருக்கு, வச்சுக்கங்கண்ணே" என்று உன் சம்சாரம் கொடுத்தது. மாதாமாதம் ரீசார்ஜ் செய்கிறேன்.

நான் சிம்மக்கல் கடையில் மிளகாய் வத்தல் விற்பேன்; நீ திருமங்கலம் களத்தில் காயப்போடுவாய். கோடை மழை நமக்கு மேற்கேயிருந்துதான் வரும் என்று, மதியம் இரண்டு மணிக்கு உசிலம்பட்டியில் ஒரு டீக்கடைக்காரருக்குப் போன் போடுவாய். "அண்ணே, வாசப் பெஞ்சை உள்ள தூக்கிட்டீகளா?" அவ்வளவுதான் கேள்வி. தூக்கிவிட்டார் என்றால் அங்கே மேகம் திரண்டுவிட்டது; நமக்கு ஒரு மணி நேரம் இருக்கிறது, தார்ப்பாயை விரித்துவிடலாம்.

சில வருடத்துக்கு முன்னால், அன்றைக்குக் களத்தில் கிடந்தது பேரையூர் தங்கராசுவின் வத்தல், ஒரு வருட வெள்ளாமை. "பெஞ்சு உள்ள போயிருச்சு மாப்ள, மூடப்போறேன்" என்றாய். நான் கடை வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தேன்.

"இங்க வெயிலு மண்டையப் பொளக்குது. பாதி காஞ்ச வத்தலை இந்தச் சூட்டுல மூடுனா வேர்த்துக் கறுத்துரும். நெறம் போனா எவன் வாங்குவான்? மூடாத."

"அவரு சும்மா தூக்க மாட்டாரு மாப்ள."

"ஒனக்கு டீக்கடைக்காரன் பெஞ்சு பெருசா, நான் பெருசா?"

நீ போனை வைத்துவிட்டாய். சிம்மக்கல்லில் ஒரு சொட்டு விழவில்லை. களத்தில் வத்தல் மிதந்தது.

தங்கராசு வந்து நின்றபோது நான் வாயைத் திறப்பதற்குள், "அசந்து தூங்கிட்டேன்ணே" என்றாய். நானும் திறக்கவில்லை. கடைப் பெயர் தப்பித்தது என்றுதான் நினைத்தேன். அதிலிருந்து உனக்குத் 'தூங்குமூஞ்சி' என்று பெயர். அந்தப் பெயரில் கூப்பிட்டால் நீ சிரித்துக்கொண்டே திரும்புவாய். உன் துக்க வீட்டில்கூட, "நம்ம தூங்குமூஞ்சி போயிட்டாரே" என்று ஒருவர் அழுதார்.

இப்போது மதியம் களத்துக்கு நானே போகிறேன். இன்று தங்கராசுவும் தன் வத்தலோடு அங்கே இருந்தார். இரண்டு மணிக்கு முதல்முறையாக உன் போனில் கூப்பிட்டேன். டீக்கடைக்காரர் எடுத்தார். "இந்த நம்பரப் பாத்ததும் திக்குனு ஆயிருச்சுய்யா. இப்பத்தான் பெஞ்சைத் தூக்குறேன்" என்றார்.

மூடச் சொன்னேன். பாயின் ஒரு முனையை இழுத்துக்கொண்டே தங்கராசு சிரித்தார்: "நல்லவேளை, நீங்க முழிச்சிருந்தீக. அந்தத் தூங்குமூஞ்சி இருந்திருந்தா..."

"அவன் தூங்கல தங்கராசு. மூடப்போறேன்னுதான் நின்னான். வேணாம்னு சொன்னது நான்."

அவர் கையிலிருந்த முனையைக் கீழே போட்டார். "இம்புட்டு வருசமா அந்த மனுசனை நான் வைய விட்டுட்டு, நீங்க பாத்துக்கிட்டா இருந்தீக?"

ஆமாம் என்றேன்.

மழை வரவில்லை, மாப்ள. மேகம் சோழவந்தான் பக்கம் ஒதுங்கிவிட்டது. பாயை விலக்கியபோது வத்தல் லேசாக வேர்த்திருந்தது. தங்கராசு அதைக் குனிந்து பார்த்தார். வத்தலைக் கிளறிக்கொண்டிருந்த பெண்களிடம் போய், "அவரு அன்னிக்குத் தூங்கலையாம்த்தா" என்றார். என் காதில் விழட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னார். அடுத்த வருடம் வத்தலை நம் களத்துக்குக் கொண்டுவருவாரா, தெரியாது.

நாளைக்கும் அதே வெயில், அதே மழை என்றுதான் செய்தி. உன் போனைச் சார்ஜில் போட்டிருக்கிறேன். இரண்டு மணிக்குப் பெஞ்சைக் கேட்க வேண்டும்.