படத்தில் இல்லாத சட்டை

பெய்ரூத்,
வியாழக்கிழமை

அன்புள்ள தம்பி வஜ்திக்கு,

அக்கா ரோலா எழுதுவது. மாண்ட்ரியலில் நம் படத்துக்குப் பரிசு கிடைத்த செய்தி வந்தது. சந்தோஷப்படும் நிலையில் நான் இல்லை. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை நம் பேட்டை மன்றத்தில் படத்தைத் திரையிட்டேன். படத்தில் பேசிய, போரில் காணாமல் போனவர்களின் தாய்மார்கள் வந்திருந்தார்கள். அப்பாவும் வந்தார். நாம் எடுத்த நாலு படங்களில் அவர் அரங்குக்கு வந்தது இதற்கு மட்டும்தான். டாக்சியை விற்று நமக்கு முதல் கேமரா வாங்கித் தந்த மனுஷன் ஏன் படம் பார்க்க மட்டும் வருவதில்லை என்று எத்தனை முறை கேலி செய்திருக்கிறோம்.

படம் முடிந்ததும் எல்லோருக்கும் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தேன். காஸியின் அம்மா என்று மகன் பெயராலேயே எல்லோரும் கூப்பிடும் உம் காஸி ஓரமாக அழுதுகொண்டிருந்தாள். போரின்போது ஆயுதக் குழுவின் சோதனைச் சாவடியில் மகனைப் பறிகொடுத்தவள். அவளைப் பேச வைக்க நீ இரண்டு வருஷம் நடையாய் நடந்தாயே. அப்பா அவளிடம் போய், "அழாதீங்கம்மா. நீலச் சட்டையில ராஜா மாதிரி இருந்தான் உங்க பையன்" என்றார்.

வஜ்தி, படத்தில் சட்டையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அவள் காட்டிய புகைப்படம் கறுப்பு வெள்ளை. எடிட் செய்தவள் நான். வெட்டிப் போட்டதிலும் அது இல்லை.

உம் காஸி சத்தம் போடவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னிக்குத்தான் புதுசா போட்டுக்கிட்டுப் போனான். நீ எங்க பாத்தே?" என்று கேட்டாள்.

போர் முடியும்வரை ரொட்டிக் கடையில் மாவு பிசைந்ததாக நம்மிடம் சொல்லி வந்த அப்பா, கையை விடுவித்துக்கொண்டு வெளியே நடந்தார்.

அன்றிலிருந்து அறையைத் தாழிட்டுக்கொண்டிருக்கிறார். சாப்பாட்டை வாசலில் வைத்தால் பாதி குறைகிறது. கெஞ்சிக் கேட்டேன். "வஜ்தி வரட்டும். அவன் கேமராவை வெச்சாச் சொல்றேன். ஒரு தடவைதான் சொல்வேன்" என்கிறார்.

உம் காஸி தினமும் வந்து நம் கூடத்தில் உட்கார்கிறாள். "தண்டனையெல்லாம் வேணாம் மகளே. எங்க புதைச்சாங்கன்னு மட்டும் சொல்லச் சொல்லு" என்கிறாள். காப்பி போட்டுத் தருகிறேன், குடிக்கிறாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

மற்ற ஊர்த் திரையிடல்களை விட்டுவிட்டு உடனே வா. முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் கேட்டோம், இவரிடமும் கேட்டாக வேண்டும். உன் கை நடுங்கினால் கேமராவை நான் பிடித்துக்கொள்கிறேன்.

ஆண்டவன் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். ஊரிலிருந்து வந்ததும் அப்பாவின் கையில் முத்தமிடுவாயே, இந்த முறை என்ன செய்யலாம் என்று என்னிடம் கேட்காதே.

உன் அக்கா,
ரோலா